இரண்டாவது மானிட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு தேவையா?

அலுவலகங்களில் ஐந்தாறு ஆண்டுகள் உழைத்துவிட்டு வெளியே வரும் கம்ப்யூட்டர்கள், சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்க் கம்ப்யூட்டர் கடைகளிலும் ரீஃபர்பிஷ்டு என்ற பெயரில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கும் பலர் இவற்றைத்தான் வாங்குகிறார்கள். நல்ல முடிவுதான். வாங்கிச் சில மாதங்கள் ஆனதும் அடுத்த ஆசை வருகிறது. வீட்டில் சும்மா கிடக்கும் இன்னொரு மானிட்டரையும் சேர்த்து இணைத்தால் என்ன? ஒன்றில் டாலி, மற்றதில் எக்ஸெல். ஒன்றில் ஆன்லைன் வகுப்பு, மற்றதில் குறிப்பு எழுத வேர்ட்.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன் என்ற முறையில் நான் தினமும் இரண்டு மானிட்டர்களுடன்தான் வேலை செய்கிறேன். இரண்டாவது மானிட்டர் தரும் வசதியை, அதே செலவில் வாங்கும் வேறு எந்த உதிரி பாகமும் தராது என்பது என் அனுபவம். எனவே இந்த ஆசை வந்தவர்களைத் தடுப்பது என் நோக்கமல்ல. அவர்கள் கடைக்குப் போய்க் கேட்டால் கிடைக்கும் பதில்தான் எனக்கு உறுத்துகிறது. "கிராபிக்ஸ் கார்டு போடணும் சார். 2 ஜிபி போதுமா, 4 ஜிபி வேணுமா?"

இந்தக் கேள்வியே தவறு என்பேன். இப்படி வாங்கப்படும் அலுவலகக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு, இரண்டு மானிட்டர் இணைக்கக் கார்டே தேவையில்லை. உண்மையிலேயே தேவைப்படும் கம்ப்யூட்டருக்கும் ஜிபியைப் பார்த்துக் கார்டு வாங்கக் கூடாது.

முதலில் பின்பக்கம் பாருங்கள்

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கேபினெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நீல நிறத்தில், மூன்று வரிசையில் 15 துளைகளுடன் இருப்பது வி.ஜி.ஏ. வெள்ளை நிறத்தில் அகலமாக இருப்பது டி.வி.ஐ. டிவியில் பார்த்துப் பழகிய தட்டையான சிறு துளை எச்.டி.எம்.ஐ. அதே போன்று, ஆனால் ஒரு மூலை மட்டும் வெட்டப்பட்டது போல் இருப்பது டிஸ்ப்ளே போர்ட். இந்த நான்கில் எவையேனும் இரண்டு மதர்போர்டிலேயே இருந்தால், கார்டுக்கான பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

காரணம் எளிது. இன்டெல் நிறுவனம் 2011-ல் வெளியிட்ட இரண்டாம் தலைமுறை கோர் பிராசஸர்களிலேயே கிராபிக்ஸ் பகுதி பிராசஸருக்குள் வந்துவிட்டது. அது ஒரே நேரத்தில் இரண்டு மானிட்டர்களுக்கு வெவ்வேறு காட்சிகளை அனுப்பும். 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறையிலிருந்து மூன்று மானிட்டர்கள் வரை இணைக்கலாம். ஆக, பத்து வயதைத் தாண்டிய ஐ3, ஐ5 கம்ப்யூட்டருக்கும் இந்தத் திறமை உண்டு. அதைப் பயன்படுத்தத் தேவையான துளைகள் மதர்போர்டில் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

மதுரையில் இருக்கும் என் சித்தி வீட்டிலிருந்தே சிறு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார். அவர் வாங்கியது ஐ5 பிராசஸருடன் கூடிய டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010. (டெல் இதே பெயரை 2023-ல் ஒரு புது மாடலுக்கும் வைத்துவிட்டது. நான் சொல்வது 2012-ல் வந்த பழையது.) "கார்டு போட்டாத்தான் ரெண்டாவது மானிட்டர் வரும்ங்கிறாங்கடா, மூவாயிரத்து ஐந்நூறு ஆகுமாம்" என்று போனில் சொன்னார். பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரு வி.ஜி.ஏ., இரண்டு டிஸ்ப்ளே போர்ட். இவ்வளவும் ஏற்கெனவே இருந்தன. கடையில் இருந்தவருக்கு டிஸ்ப்ளே போர்ட் தெரியாமல் இருந்திருக்காது. டிஸ்ப்ளே போர்ட்டை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் கேபிள் ஒன்றுதான் தேவைப்பட்டது. அதன் விலை சில நூறு ரூபாய். மிச்சமான பணத்தில் சித்தி ஒரு யு.பி.எஸ். வாங்கிக்கொண்டார். மின்சாரம் போனால் பாதி என்ட்ரியில் டாலி நின்றுபோகும் என்ற கவலை அவருக்கு அதற்கு முன்பே இருந்தது.

கேபிள் வாங்கும்போது

இந்த இடத்தில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்பிளிட்டர் என்று ஒரு பொருள் விற்கிறார்கள். ஒரு பக்கம் கம்ப்யூட்டரில் செருகினால், மறுபக்கம் இரண்டு மானிட்டர்களை இணைக்கலாம். விலை குறைவு. ஆனால் இரண்டு மானிட்டரிலும் ஒரே காட்சிதான் தெரியும். கடையில் டிவிகளை வரிசையாக வைத்துக் காட்டுவதற்கான பொருள் அது. ஒன்றில் டாலி, மற்றதில் எக்ஸெல் என்பது அதில் நடக்காது.

அடுத்தது கன்வெர்ட்டரின் திசை. டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் கேபிளை, எச்.டி.எம்.ஐ.யிலிருந்து டிஸ்ப்ளே போர்ட்டுக்கு என்று திருப்பிப் போட முடியாது. இரண்டு முனையும் பொருந்தும், படம் வராது. கம்ப்யூட்டரில் எது இருக்கிறது, மானிட்டரில் எது இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், "இதிலிருந்து இதற்கு" என்று கேட்டு வாங்க வேண்டும்.

பழைய மானிட்டர் பலவற்றில் வி.ஜி.ஏ. மட்டும்தான் இருக்கும். வி.ஜி.ஏ. என்பது அனலாக், எச்.டி.எம்.ஐ.யும் டிஸ்ப்ளே போர்ட்டும் டிஜிட்டல். ஒன்றை மற்றதாக மாற்ற உள்ளே ஒரு சிப் வேண்டும். எனவே எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு என்று சிப் உள்ள கன்வெர்ட்டரைத்தான் வாங்க வேண்டும். வெறும் ஒயர் மட்டும் உள்ள கேபிள் விலை மலிவு, பயன் பூஜ்யம். டி.வி.ஐ.யிலும் இதே சிக்கல் உண்டு. அகலமான தட்டைப் பின்னைச் சுற்றி நான்கு சிறு துளைகள் இருந்தால் அது டி.வி.ஐ.-ஐ, அதில் அனலாக்கும் வரும், சாதாரண வி.ஜி.ஏ. முனை போதும். அந்த நான்கு துளைகள் இல்லையென்றால் அது டி.வி.ஐ.-டி, அதற்கும் சிப் உள்ள கன்வெர்ட்டர்தான்.

ஜிபி என்ற மாயை

சரி, மதர்போர்டில் ஒரே ஒரு வி.ஜி.ஏ. மட்டும்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜி31, ஜி41 சிப்செட் மதர்போர்டுகளிலும், மலிவான எச்61 மதர்போர்டுகள் சிலவற்றிலும் இப்படித்தான் இருக்கும். கோர் வரிசைக்கு முந்தைய காலத்து ஆன்போர்ட் கிராபிக்ஸும், இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து உள்ள கம்ப்யூட்டர்களும் தனிக் கதை. எஃப் வகைகளில் கிராபிக்ஸ் பகுதியே வேலை செய்யாது. மதர்போர்டில் எத்தனை துளைகள் இருந்தாலும் படம் வராது. இவர்களுக்குக் கார்டு வேண்டும்தான். எந்தக் கார்டு?

இங்கேதான் 2 ஜிபியா, 4 ஜிபியா என்ற பேச்சு வருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபுல் எச்.டி. மானிட்டரில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 4 பைட். மொத்தம் சுமார் 8 எம்பி. இரண்டு மானிட்டருக்கு 16 எம்பி. ஜிபி அல்ல, எம்பி. விண்டோஸ் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனியாக நினைவகம் எடுத்துக்கொள்ளும் என்பதையும் பிரவுசரின் பசியையும் சேர்த்துக்கொண்டாலும், அலுவலக வேலைக்கு 1 ஜிபியே தாராளம். பழைய, மெதுவான சிப்பின் தலையில் 4 ஜிபி நினைவகத்தை வைத்து விற்பது, மாட்டு வண்டிக்கு லாரி டயர் மாட்டுவது போலத்தான்.

நினைவகத்தின் அளவைவிட அதன் வேகம் முக்கியம். கடைகளில் அதிகம் காட்டப்படும் என்விடியா ஜிடி 710 கார்டின் டி.டி.ஆர்.3 நினைவகம், வினாடிக்கு அதிகபட்சம் 14.4 ஜிபி வேகத்தில்தான் தகவலைத் தரும். உங்கள் பழைய ஐ5 கம்ப்யூட்டரில் 1600 மெகாஹெர்ட்ஸ் டி.டி.ஆர்.3 ராம் இரண்டு ஸ்டிக் இருந்தால், அதன் வேகம் வினாடிக்கு 25.6 ஜிபி. ஆன்போர்ட் கிராபிக்ஸ் இந்த ராமைத்தான் பிராசஸருடன் பகிர்ந்து பயன்படுத்துகிறது. காசு கொடுத்து வாங்கும் கார்டைவிட, காசில்லாமல் வந்த ஆன்போர்டுக்கு அகலமான பாதை! ஒரே ராம் ஸ்டிக் இருந்தால் இது பாதியாகிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கிறது என்பதற்காகக் கார்டு வாங்க நினைப்பவர்கள், அந்தப் பணத்தில் இரண்டாவது ராம் ஸ்டிக்கோ எஸ்.எஸ்.டி.யோ வாங்கினால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

டிரைவர் நின்றுபோன கார்டுகள்

கார்டு வாங்குபவர்கள் கேட்கவே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இதற்கு டிரைவர் இன்னும் வருகிறதா?

ஜிடி 710 வெளிவந்தது 2016-ல். ஆனால் அதற்குள் இருக்கும் கெப்லர் சிப் அதற்கும் முந்தையது. கெப்லர் கார்டுகளுக்குப் புதிய டிரைவர் தருவதை என்விடியா 2021-ல் நிறுத்தியது. பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் அப்டேட்டுகள் 2024 செப்டம்பர் வரை என்று அறிவித்திருந்தது. அந்தக் கெடுவும் முடிந்துவிட்டது. 2014-ல் வந்த ஜிடி 730 இன்னும் குழப்பமானது. ஒரே பெயரில் மூன்று வகை கார்டுகள் வெளிவந்தன. ஒன்றில் கெப்லருக்கும் முந்தைய ஃபெர்மி சிப். அதன் டிரைவர் 2018-லேயே பழையவற்றின் பட்டியலுக்குப் போய்விட்டது. அட்டைப் பெட்டியின் மேல் இவை எதுவும் எழுதப்பட்டிருக்காது.

இந்தக் கார்டுகள் வேலை செய்யாது என்று சொல்லவில்லை. செய்யும். நண்பர் யாராவது அலமாரியில் கிடக்கிறது என்று சும்மா கொடுத்தால் தாராளமாக வாங்கிப் போடலாம். ஆனால் சீல் பிரிக்காத பெட்டியில் புதுசு என்று சொல்லி, புதுக் கார்டின் விலை வைத்து விற்றால் வாங்காதீர்கள். அதைப் புதிய பொருளாக வாங்குவதில் எந்த நியாயமும் இல்லை. யூடியூப் அனுப்பும் விபி9 வகை வீடியோவைப் பிரித்துக் காட்டும் வசதிகூட ஜிடி 710-ல் இல்லை. அந்தச் சுமை முழுவதும் பழைய பிராசஸர் மேல்தான் விழும்.

2017-ல் வந்த ஜிடி 1030 இதைவிட நல்லது. விபி9 வசதி உண்டு, மின்சாரமும் 30 வாட்தான். ஆனால் இதிலும் இரண்டு வகை. முதலில் வந்தது ஜி.டி.டி.ஆர்.5 நினைவகத்துடன், வினாடிக்கு 48 ஜிபி வேகம். 2018-ல் அதே பெயரில் டி.டி.ஆர்.4 நினைவகத்துடன் ஒன்று வந்தது, வேகம் 16.8 ஜிபி. பெயரும் பெட்டியும் ஏறக்குறைய ஒன்றே. பெட்டியில் ஜி.டி.டி.ஆர்.5 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இந்தப் பாஸ்கல் வகை கார்டுகளுக்கும் 2025 அக்டோபருடன் வழக்கமான டிரைவர்கள் முடிந்தன. பாதுகாப்பு அப்டேட்டுகள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா சொல்லியிருக்கிறது. பொதுவாக ஒரு எச்.டி.எம்.ஐ., ஒரு டி.வி.ஐ.-டி துளைகள்தான் இருக்கும். வி.ஜி.ஏ. கிடையாது.

என்னைக் கேட்டால், இந்த வேலைக்கு நான் தேடச் சொல்வது என்விடியா டி400. 2021-ல் வந்தது. கேம் ஆடுபவர்களுக்காக அல்ல, கேட் டிசைன் போன்ற வேலைகளுக்காகச் செய்யப்பட்டது என்பதால் கடைக்காரர்கள் இதை முன்னால் எடுத்து வைப்பதில்லை. 30 வாட் மின்சாரம், உயரம் குறைந்த அமைப்பு, மூன்று மினி டிஸ்ப்ளே போர்ட். ட்யூரிங் வகை என்பதால் 2025-ல் என்விடியா கழித்துவிட்ட பட்டியலில் இது சேரவில்லை. அலுவலகங்களிலிருந்து கழட்டி விற்கப்படும் பழைய கார்டாகக் கிடைத்தால் விலை கட்டுப்படியாகும். ஒரு சங்கடம்: மினி டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து உங்கள் மானிட்டருக்கு மாற்றும் முனைகளையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். தனியாக வாங்கினால் இரண்டு முனைகளுக்குச் செலவு கூடும்.

ஜி31, ஜி41 காலத்துக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு டி400 கூட வேண்டாம். அந்தக் கம்ப்யூட்டரின் மதிப்பைவிடக் கார்டின் விலை அதிகமாகிவிடும். அதற்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும் பழைய இரண்டு துளைக் கார்டு போதும். இல்லையென்றால் அந்தப் பணத்தை அடுத்த கம்ப்யூட்டருக்குச் சேர்த்து வையுங்கள்.

கேபினெட்டுக்குள் பார்க்க வேண்டியவை

அலுவலகக் கம்ப்யூட்டர்களில் பாதி உயரமே உள்ள ஒல்லியான கேபினெட் வகை உண்டு. சாதாரண உயரக் கார்டு அதற்குள் நுழையவே நுழையாது. லோ புரொஃபைல் என்று கேட்டு வாங்க வேண்டும். அதோடு உயரம் குறைந்த பிராக்கெட்டும் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கார்டு விற்பவர்கள் இந்தச் சிறிய தகடைத் தொலைத்துவிட்டு விற்பது வழக்கம்.

இந்த ஒல்லி கேபினெட்டில் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். சிறியது. முன்பு சொன்ன 7010-ன் சிறிய வகையில் இருப்பது 240 வாட்தான். கார்டுக்கென்று தனி மின் ஒயரும் அதிலிருந்து வராது. எனவே ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும், 30 அல்லது 40 வாட்டுக்குள் அடங்கும் கார்டுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆறு பின் ஒயர் கேட்கும் கார்டை யாராவது கட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கார்டைச் செருகியதும் மதர்போர்டில் இருந்த மானிட்டர் இருட்டாகிவிட்டால் பயப்பட வேண்டாம். கார்டு வந்ததும் ஆன்போர்டைத் தானாக நிறுத்திவிடும்படி பல மதர்போர்டுகளில் அமைத்திருக்கிறார்கள். இரண்டு மானிட்டர்களையும் கார்டிலேயே இணைத்துவிட்டால் தொல்லை இல்லை. ஒன்றை ஆன்போர்டிலேயே வைக்க விரும்பினால் பயாஸ் செட்டப்பில் மல்ட்டி மானிட்டர் என்ற பெயரில் ஒரு தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை இயக்கினால் போதும்.

கார்டு போட்டால் விண்டோஸ் 11 ஏறுமா என்று கேட்கிறார்கள். ஏறாது. மைக்ரோசாஃப்ட் கேட்பது எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் பிராசஸர். கார்டால் அது மாறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸுக்கு மாற நினைப்பவர்களுக்கு இன்டெல் ஆன்போர்டு இன்னும் வசதி. டிரைவர் லினக்ஸுடனேயே வந்துவிடும். டிரைவர் நின்றுபோன என்விடியா கார்டு இருந்தால், கெர்னல் மாறும்போதெல்லாம் தலைவலிக்கு வாய்ப்பு உண்டு.

போலிகள்

மலிவு விலையில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று சொல்லி விற்கப்படும் கார்டுகளில் போலிகள் உண்டு. பழைய ஜிடிஎஸ் 450 போன்ற ஃபெர்மி காலத்துக் கார்டின் பயாஸை மாற்றி, டிவைஸ் மேனேஜரில் புதிய கார்டின் பெயர் தெரியும்படி செய்துவிடுகிறார்கள். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். ஒரு தடயம்: உண்மையான 1050 டிஐ கார்டில் வி.ஜி.ஏ. துளை இருக்காது. அது இருந்தால் சந்தேகப்படுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரில் 2018 முதல் இத்தகைய போலிகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் வசதி இருக்கிறது. பென் டிரைவில் அதை எடுத்துக்கொண்டு போங்கள்.

வாங்கும் நாளில் உங்கள் இரண்டு மானிட்டர்களையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. சி.பி.யு.வை மட்டும் ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோய், கடையில் உள்ள இரண்டு மானிட்டர்களை இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் கீயையும் பி என்ற எழுத்தையும் சேர்த்து அழுத்தி எக்ஸ்டெண்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு திரையிலிருந்து மற்ற திரைக்கு மவுஸ் நகர வேண்டும். ஜிபியு-இசட்டை இயக்கிக் கார்டின் பெயரையும் நினைவக வகையையும் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவுக்கும் பத்து நிமிடம் ஆகாது. கடைக்காரர் சம்மதிக்காவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போகலாம். ரிச்சி தெருவில் கடைக்கா பஞ்சம்!